பழைய கேரவனுக்கு என்ன விலை? வயதைவிட ஈரம்தான் முக்கியம்

'கேரவன்' என்றால் தமிழ்நாட்டில் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏறி உட்காரும் ஏ.சி. வண்டிதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, இன்ஜின் இல்லாத சக்கர வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை, மழை பெய்தால் சீட்டு விளையாட ஒரு மேஜை. கோடை வந்துவிட்டால் கார்ன்வால், வேல்ஸ் என்று குறுகலான சாலைகளில் இவை ஊர்ந்து போவதும், பின்னால் வரும் கார்க்காரர்கள் பல்லைக் கடிப்பதும் அங்கே பழகிப்போன காட்சி.

வாங்கும்போது எல்லாம் சந்தோஷம்தான். விற்கப் போகும்போதுதான் தலைவலி. இப்படி ஒரு வீட்டை வைத்துக்கொள்ளலாம். கணவர் இறந்துவிட்டார். வாசலில் பத்து வயதான நான்கு படுக்கைக் கேரவன் நிற்கிறது. மனைவிக்கு அதைத் தனியாக இழுத்துக்கொண்டு போக மனசில்லை. டீலரிடம் கேட்டால் 8,000 பவுண்டு என்கிறார். அதே மாடல், அதே வருடத்து வண்டிக்கு இன்னொரு டீலர் கொடுத்த விளம்பரத்தில் 10,500 போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், "9,500-க்குக் கீழே கொடுக்காதீங்க" என்கிறார். மூன்று பேர், மூன்று விலை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றுமே அந்த வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்ன விலை.

கேரவன் விலை பேசுவதில் நடக்கிற பெரிய தப்பே இதுதான். காருக்கு வருடம், மாடல், ஓடிய தூரம் மூன்றையும் சொன்னால் ஓரளவு விலை வந்துவிடும். கேரவனில் மீட்டரே கிடையாது. எத்தனை மைல் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை. அது ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம்.

முதல் அடி எங்கே விழுகிறது?

புதுக் கேரவன் 30,000 பவுண்டு என்றால் அதில் 5,000 பவுண்டு வாட் வரி. பிரிட்டனில் டூரிங் கேரவனுக்கு 20 சதவீத வரி. வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர் அந்தப் பணத்தை எங்கேயும் திரும்பக் கேட்க முடியாது. ஷோரூம் கேட்டைத் தாண்டிய நிமிடத்திலேயே ஆறில் ஒரு பங்கு போன கணக்குதான். அதனால் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் விலை செங்குத்தாக இறங்கும், அப்புறம் சரிவு மெதுவாகும். நான்கைந்து வயதான வண்டியை வாங்கி நான்கைந்து வருடம் வைத்திருந்து விற்பவருக்குக் கை ரொம்பக் கடிக்காது. புதுசாக வாங்கி மூன்றாவது வருடம் விற்பவர்தான் அடி வாங்குகிறார்.

இந்தச் சரிவுக் கோட்டைத்தான் விலைக் கையேடுகள் அச்சடித்துக் கொடுக்கின்றன. கிளாஸஸ் கையேடு டீலர்கள் மத்தியில் வேதவாக்கு மாதிரி. மாடலைத் தேடினால் இந்த வருடத்து வண்டிக்கு இவ்வளவு என்று வந்துவிடும். சராசரி நிலையில் உள்ள வண்டிக்கான தொகை அது. கண் முன்னால் நிற்கிற வண்டி சராசரியா என்பதைக் கையேடு சொல்லாது.

வருடத்திலேயே ஒரு குழப்பம் உண்டு. பிரிட்டனில் கேரவன்களின் 'மாடல் வருடம்' செப்டம்பர் வாக்கில் மாறிவிடும். 2015 அக்டோபரில் வாங்கிய வண்டி 2016 மாடலாக இருக்கலாம், அல்லது டீலர் யார்டில் மிச்சமாகி நின்ற 2015 மாடலாகவும் இருக்கலாம். பில்லில் உள்ள தேதியை மட்டும் பார்த்து விலை சொன்னால் ஒரு வருடம் முன்பின்னாகப் போய்விடும். இன்னொன்று, டீலர்கள் தங்கள் ஊருக்கென்று தனிப் பெயர் ஒட்டி, இரண்டு கூடுதல் வசதியோடு விற்கிற 'டீலர் ஸ்பெஷல்' வண்டிகள். கையேட்டில் அந்தப் பெயரைத் தேடி, கிடைக்காமல், வண்டிக்கு மதிப்பே இல்லையோ என்று பயந்தவர்கள் உண்டு. அது எந்த மாடலின் மேல் கட்டியது என்று பார்த்தால் போதும்.

சுவருக்குள் இருக்கிறது விலை

கேரவனின் சுவர் ஒரு சாண்ட்விச். வெளியே மெல்லிய அலுமினியம் அல்லது ஃபைபர் தகடு, நடுவே தெர்மாகோல் மாதிரி ஒரு பொருள், உள்ளே ஒட்டுப்பலகை. பழைய முறையில் கட்டியவற்றில் மரச்சட்டம்தான் எலும்பு. தகடுகள் சேருகிற மூலைகள், ஜன்னல் ஓரம், கூடாரத் துணியைக் கோக்கிற தண்டவாளம், வெளியே உள்ள கைப்பிடிகளின் திருகாணித் துளைகள் எல்லாவற்றையும் அடைத்திருப்பது மாஸ்டிக் என்கிற பசை. பத்து வருட வெயிலிலும் பனியிலும் அந்தப் பசை காய்ந்து வெடிக்கும். முடி அளவு வெடிப்பு போதும். பிரிட்டன் மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. மரம் ஊறும், பிறகு மக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி பளபளவென்று இருக்கும். மக்கிப்போன சட்டத்தை மாற்ற உள்சுவரைப் பிரிக்க வேண்டும், அலமாரியைக் கழற்ற வேண்டும். கூலிதான் பணத்தைத் தின்னும். பழைய வண்டியில் இந்த வேலைக்கான பில் வண்டியின் விலையையே தாண்டிவிடுவது உண்டு. அப்படிப்பட்ட கேரவனுக்குக் கையேட்டில் 6,000 போட்டிருந்தாலும் உண்மை விலை சில நூறுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஈரமானி இருக்கிறது. சுவரில் இடத்துக்கு இடம் வைத்துச் சதவீதம் பார்ப்பார்கள். 15 வரை இருந்தால் கவலையில்லை. 15-லிருந்து 20 வரை என்றால் கண் வைத்திருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். 30-க்கு மேல் என்றால் மரம் கெட ஆரம்பித்திருக்கும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவுகட்டுவதும் தவறு. முந்தின நாள் ராத்திரி உள்ளே ஆட்கள் தூங்கியிருந்தால், மூச்சுக்காற்றின் ஈரத்திலேயே ஜன்னல் பக்கம் எண் ஏறிக் காட்டும். ஒரே மூலையில் மட்டும் எண் குதித்தால்தான் சந்தேகம் வலுக்கும்.

மீட்டர் இல்லாதவருக்கும் வழி உண்டு. கதவைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிடும். பூட்டிக் கிடந்த நிலவறை வாசம் வந்தால் யோசிக்க வேண்டும், ரூம் ஸ்ப்ரே வாசம் தூக்கலாக வந்தால் இன்னும் அதிகமாக யோசிக்க வேண்டும். மூலைகளில் கட்டைவிரலால் அழுத்தினால் பலகை உள்வாங்குகிறதா, சுவர்த்தாளில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா, ஒரே ஒரு இடத்தில் மட்டும் பசை புதுசாகப் பூசியிருக்கிறதா என்று பார்க்கலாம். தரையில் அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது பஞ்சு மாதிரி அமுங்கினால் தரைப் பலகையின் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. துளை போட்டுப் பிசின் ஏற்றி அதைச் சரிசெய்ய முடியும். ஆகவே பயந்து ஓட வேண்டியதில்லை. விலையில் கழித்தால் போதும்.

பெய்லி நிறுவனம் 2010 வாக்கில் கொண்டுவந்த கட்டுமான முறையும், பின்னால் ஸ்விஃப்ட் போன்றவை கொண்டுவந்த மரமில்லாச் சட்டமும் இந்த நிலைமையை ஓரளவு மாற்றின. ஊறி மக்குவதற்கு உள்ளே மரம் குறைவு. ஆனாலும் 'மரமில்லை, அதனால் ஈரமில்லை' என்று விற்பவர் சொன்னால் அப்படியே நம்பிவிடக் கூடாது. தண்ணீர் உள்ளே புக மரம் தேவையில்லை.

ஆகவே விற்பவர் முதலில் செய்ய வேண்டியது விளம்பரம் கொடுப்பது அல்ல. அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பில் வருடாந்திர சர்வீஸும் ஈரப் பரிசோதனையும் செய்து, தேதி போட்ட அறிக்கையைக் கையில் வாங்குவதுதான். இதற்கு 200 முதல் 300 பவுண்டு வரை ஆகும். 'விற்கப் போற வண்டிக்கு எதுக்குச் செலவு' என்று பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். அறிக்கை இல்லாத வண்டியைப் பார்க்க வருகிறவர், இல்லாத ஈரத்தையும் மனசில் கணக்குப் போட்டு ஆயிரம் பவுண்டு குறைத்துக் கேட்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

சர்வீஸ் புத்தகத்துக்கும் இதே மதிப்பு உண்டு. உடல் பாகத்தில் தண்ணீர் புகாது என்று தயாரிப்பாளர்கள் பல வருட வாரன்டி தருகிறார்கள். சில நிறுவனங்களில் 10 வருடம் வரைகூட உண்டு. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் வருடாவருடம் சர்வீஸ் செய்து முத்திரை வாங்கியிருக்க வேண்டும். ஒரு வருடம் தவறினால் வாரன்டி போச்சு. ஆறு வயது வண்டிக்கு இன்னும் நான்கு வருட வாரன்டி மிச்சமிருப்பதும், இல்லாமல் இருப்பதும் ஒரே விலையாக இருக்க முடியாது.

டீலர் கொள்ளை அடிக்கிறாரா?

8,000-க்கு வாங்கி 10,500-க்கு விற்கிறாரே என்று அந்த அம்மாவுக்குக் கோபம் வருவது நியாயம். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் கோபம் பாதியாகும். இரண்டுக்கும் வித்தியாசம் 2,500. பழைய பொருளுக்கு லாபத்தின் மேல்தான் வாட். அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 417 பவுண்டு, வரியாகப் போகிறது. மிச்சம் 2,083. அதிலிருந்து சர்வீஸ், எரிவாயு மற்றும் மின்சாரப் பரிசோதனை, கழுவித் துடைப்பது, யார்டு வாடகை, விற்பனையாளர் சம்பளம், வாங்கினவருக்குக் கொடுக்கிற வாரன்டி எல்லாம் வர வேண்டும். போதாததற்கு 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலரிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ள முடியும். தனி நபரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. அங்கே விற்பவர் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். குறையைத் தேடிக் கண்டுபிடிப்பது வாங்குபவர் பாடு. இதனாலேயே தனி நபர் விற்கிற விலை டீலர் விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். டீலர் விளம்பரத்தைக் காட்டி, "அங்கே 10,500, எனக்கும் அதே விலை" என்று நிற்பவர் அடுத்த வருடமும் அதே இடத்தில்தான் நிற்பார்.

டீலர்கள் உண்மையில் விளையாடுகிற இடம் 'பழசைக் கொடுத்துப் புதுசு' வாங்கும் இடம். ஒருவர் பழைய வண்டிக்கு 10,500 தருகிறார், புதுசு 28,000. இன்னொருவர் பழசுக்கு 9,500-தான் தருகிறார், அதே புது வண்டியை 26,500-க்குத் தருகிறார். முதல் ஆளிடம் கையிலிருந்து போவது 17,500. இரண்டாவது ஆளிடம் 17,000. பழைய வண்டிக்கு நல்ல விலை கிடைத்தது என்ற பெருமையில் 500 பவுண்டை விட்டுவிட்டு வருகிறவர்களே அதிகம். கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதை மட்டும் பார்த்தால் இந்த விளையாட்டு முடிந்துவிடும்.

ஆர்.சி. புக் இல்லாத வண்டி

இங்கே ஒரு டூவீலரை விற்கவே ஆர்.சி. புக் வேண்டும். பிரிட்டனில் பல ஆயிரம் பவுண்டு கேரவனுக்கு அரசாங்கம் தருகிற உரிமைப் பத்திரமே கிடையாது. அதற்கென்று தனி நம்பர் பிளேட்டும் இல்லை, இழுக்கிற காரின் நம்பரைத்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். கார்களுக்கு உள்ள வருடாந்திர எம்.ஓ.டி. பரிசோதனையும் கேரவனுக்கு இல்லை. ஜெர்மனியில் கேரவனுக்குத் தனிப் பதிவும் தனி பிளேட்டும் உண்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் உண்டு. பிரிட்டன் மட்டும் இதை இப்படி விட்டுவைத்திருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

இந்த ஓட்டையை அடைக்கத் தொழில்துறையே 1992-இல் 'கிரிஸ்' என்ற பதிவு முறையைத் தொடங்கியது. சேஸியிலும் ஜன்னல் கண்ணாடிகளிலும் 17 எழுத்து-எண் பொறித்திருக்கும். சிறு கட்டணம் கட்டிச் சோதித்தால் வண்டி திருட்டா, கடன் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் நிறுவனம் கழித்துக்கட்டிய வண்டியா என்று தெரியும். ஜன்னல்களில் ஒன்றில் மட்டும் எண் சுரண்டியிருந்தால் அங்கேயே திரும்பிவிடுவது நல்லது.

கடன் பாக்கி விஷயம் சாதாரணமானது அல்ல. தவணைக் கடன் முடியாத காரை, தெரியாமல் வாங்கிய தனி நபருக்கு 1964-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாதுகாப்பு தருகிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் வாகனம் என்றால் இயந்திரத்தால் ஓடுகிற வாகனம். கேரவனுக்கு இன்ஜின் இல்லை. ஆகவே பாதுகாப்பும் இல்லை. நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்கியவரின் வாசலிலிருந்து கடன் கொடுத்த நிறுவனம் வண்டியை எடுத்துப் போக வழி இருக்கிறது. முதல் பில், சர்வீஸ் ரசீதுகள், கடன் முடிந்த கடிதம், கிரிஸ் பதிவு எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கிற வண்டிக்குச் சில நூறு பவுண்டு கூடுதலாகக் கிடைப்பது இதனால்தான்.

எது கூட்டும், எது கூட்டாது

1,500 பவுண்டு செலவழித்தேன், அதனால் விலையில் 1,500 ஏற்று என்ற கணக்கு எந்தச் சந்தையிலும் எடுபடாது. ரிமோட்டில் வண்டியை நகர்த்துகிற மோட்டார் மூவர் புதுசாகப் பொருத்த ஆயிரத்துக்கு மேல் ஆகும். வயதானவர்கள் அது இல்லாத வண்டியைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் சீக்கிரம் விற்க உதவும், விலையில் சில நூறுதான் ஏறும். முன்னால் போடுகிற கூடாரத் துணி, சோலார் பலகை, டி.வி. எல்லாமே பேரம் முடிகிற நேரத்தில் 'இதையும் வச்சுக்கோங்க' என்று கொடுக்கத்தான் லாயக்கு.

டயர் ஏமாற்றும். அதிகம் ஓடாததால் பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-இன் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்து வருடத்தில் மாற்று, ஏழைத் தாண்டவே விடாதே என்பது கேரவன்காரர்களின் விதி. பழைய டயர் என்றால் இரண்டுக்கும் பணத்தைக் கழித்துவிட வேண்டியதுதான்.

எடையும் இப்போது விலையைத் தீர்மானிக்கிறது. 1997-க்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவர்கள் கனமான கேரவனை இழுக்கத் தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம். இரட்டை அச்சுக் கேரவன்களுக்கு இதனால் இளம் குடும்பங்கள் வாடிக்கையாளர்களாகக் கிடைத்தார்கள். மறுபக்கம், காரின் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் கேரவன் இருக்க வேண்டாம் என்று புதியவர்களுக்குச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. 1,600 கிலோ கார் என்றால் 1,360 கிலோ. எலெக்ட்ரிக் கார்கள் பலவற்றுக்கு இழுவை அனுமதி குறைவு, சிலவற்றுக்கு இல்லவே இல்லை. லேசான வண்டி வைத்திருப்பவர் அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியதில்லை.

லூனார் போல 2019-இல் திவாலான நிறுவனத்தின் வண்டி என்றால் முன்பக்க பிளாஸ்டிக் பலகை உடைந்தால் கிடைக்குமா என்ற கேள்வி வரும். விலையிலும் அது தெரியும். கொரோனா காலத்தில், 2020-21-இல், வெளிநாடு போக முடியாமல் எல்லோரும் கேரவன் பக்கம் ஓடியபோது பழைய வண்டிகளின் விலை ஏறியது. அந்த விலையை மனசில் வைத்துக்கொண்டு இப்போது விற்க நினைப்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

அந்த அம்மாவின் கணக்கு

விளம்பரத்தில் 10,500 என்றால் விற்றது 10,000-க்கு இருக்கலாம். விளம்பர விலை ஆசை விலைதான். டீலர் வாரன்டியும் திருப்பித் தரும் உரிமையும் இல்லாததற்கு 700 கழித்தால் 9,300. டயருக்கு எட்டு வயது, 200 போகட்டும், 9,100. கணவர் உடம்பு சரியில்லாமல் இருந்த இரண்டு வருடம் சர்வீஸ் முத்திரை இல்லை, அதற்கு 400. மோட்டார் மூவர் இருக்கிறது, 300 கூட்டலாம். 9,000 வருகிறது. ஈர அறிக்கையில் எல்லா எண்ணும் 15-க்குக் கீழே இருந்தால் மட்டும் இந்தத் தொகை. ஒரு மூலையில் 28 என்று வந்தால் ரிப்பேர் பில் எவ்வளவு என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதி வாங்கி அதைக் கழிக்க வேண்டும். கூடவே, பிரித்துப் பார்த்தால் இன்னும் எவ்வளவு இருக்குமோ என்ற பயத்துக்கும் கொஞ்சம் கழியும்.

ஆக, டீலர் சொன்ன 8,000-க்கும் இந்த 9,000-க்கும் நடுவே ஆயிரம் பவுண்டு. அந்த ஆயிரத்துக்காக முன்பின் தெரியாதவர்களை வீட்டு வாசலுக்கு வரவழைக்க வேண்டும், பேரம் பேச வேண்டும், பணம் வங்கிக் கணக்கில் நிஜமாகவே வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும். இப்போது அக்டோபர் என்றால் வாங்குபவர் குறைவு. ஈஸ்டர் வரை காத்திருந்தால் நல்ல விலை வரும், ஆனால் வாசலில் இடமில்லாமல் நிறுத்துமிடத்துக்கு மாதம் 50 பவுண்டு கொடுத்தால் ஐந்து மாதத்தில் 250 அதிலேயே போகும். டீலரிடம் 8,000 வாங்கிக்கொண்டு போவது ஏமாந்த கதை ஆகாது. ஆனால் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் அதே டீலர் 8,400-க்கு வரக்கூடும்.